மூடினா சருகு, விரிச்சா மயில்கண்ணு: இது ஒரே பட்டாம்பூச்சியா?

தட்டான்பிடி:
மதுராந்தகம் பக்கம் எங்க ஊர். ஏரி நிரம்பினா தண்ணி வழியுற கலங்கலுக்குக் கீழ, தண்ணி கசியுற இடத்துல ஒரு வருஷமா போட்டோ எடுத்துட்டு இருக்கேன். மூணு சந்தேகம்.

இந்த ஐப்பசியில எடுத்தது: மேல ஆரஞ்சு, பின் ரெக்கையில பெருசா ஒரு மயில்கண்ணு. ரெக்கைய மூடினாலும் அடியில கண்ணு தெரியுது. போன பங்குனியில அதே இடத்துல எடுத்தது விரிச்சா அதே ஆரஞ்சு, மூடினா அசல் சருகு. இலை நரம்பு மாதிரி நடுவுல கோடு வேற. ரெண்டும் வேற வேற இனமா?

அடுத்தது ஒரு செடி. இடுப்பு உயரம், ஊதாப்பூ. இலைய விலக்கிப் பார்க்கக் கைய விட்டேன், ரெண்டு விரல்ல ரத்தம்.

அப்புறம், ஏரி பூரா ஆகாயத்தாமரை. பூ அழகா இருக்கு. நம்ம ஊர்ச் செடிதானே?

கோரைக்கிழங்கு:
தம்பி, ரெண்டும் ஒண்ணுதான். மயில் வசீகரன். மழைக்காலத்துக்கு ஒரு வேஷம், வறண்ட காலத்துக்கு ஒரு வேஷம். பங்குனிப் படத்துல முன் ரெக்கை நுனியப் பாருங்க, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். பின் ரெக்கை இலைக்காம்பு மாதிரி நீண்டிருக்கும். நானும் இதை ரெண்டு இனமா எழுதி வச்சவன்தான். நோட்டுல அடிச்ச தடம் இன்னும் இருக்கு.

செடி நீர்முள்ளி. கையால வேணாம், குச்சியால விலக்கி ஒரு கணுவை எண்ணுங்க: ஆறு இலை, ஆறு முள்ளு. வெளியில இருக்கற ரெண்டு இலை மட்டும் நீளம். உங்க வசீகரன் முட்டை வைக்கிற செடிகள்ல இதுவும் ஒண்ணு, தரையில படர்ற பொடுதலையும் ஒண்ணு. இலையடியப் பாருங்க.

அல்லிக்குளம்:
ஆகாயத்தாமரைன்னு ரெண்டு செடியைச் சொல்றாங்க, அதான் குழப்பம். ஒண்ணு குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும், பூ இருக்கறதே தெரியாது. உங்க படத்துல இருக்கறது அது இல்ல. இலைக்காம்பைப் பிடிச்சுப் பாருங்க, வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும், அமுக்கினா பஞ்சு. வெங்காயத்தாமரை. தென் அமெரிக்காவுலேருந்து வந்தது. மேல் இதழ்ல மஞ்சப் பொட்டு அழகுதான், ஒத்துக்கறேன். ஆனா அது மூடின தண்ணிக்குள்ள வெளிச்சமே இறங்காது.

தட்டான்பிடி:
நன்றி அண்ணா, அக்கா. இன்னிக்குக் குச்சியோட போனேன். முள்ளு ஆறு, சரி. இலை அஞ்சுதான் இருந்துச்சு! ஒண்ணைத் தின்னவன் அடியிலேயே இருந்தான், கறுப்பா, உடம்பெல்லாம் கிளைமுள்ளோட. படம் போட்டிருக்கேன், வசீகரன் புழுவான்னு பாருங்க.

எங்க ஆயா படத்தைப் பார்த்துட்டு, "கால் வீக்கத்துக்குக் கஷாயம் வைப்போமே, அந்தச் செடிடா"ன்னுச்சு. பூச்சியப் பத்திக் கேட்கவே இல்ல.

அடுத்த வாரம் ஏரியச் சுத்தம் பண்ண ஜேசிபி வருதாம். வெங்காயத்தாமரை படத்தையும் நீர்முள்ளி படத்தையும் பிரிண்ட் போட்டு டிரைவர் அண்ணன்கிட்ட கொடுக்கப் போறேன். கலங்கல் ஓரத்தை மட்டும் விடச் சொல்லணும்.