ஆப்பிள் கிரம்பிள்: அடிப்பகுதி நசநசப்பது ஏன்?

கேள்வி: ஆப்பிளும் பேரீச்சையும் பரப்பிய கிரம்பிளை (அடியிலும் மேலும் பிசிறிய மாவு, நடுவில் பழம் வைத்துச் சுடும் இனிப்பு) 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் சுட்டும், மேல்புறம் பொன்னிறமாகிவிட, அடிப்பகுதி மட்டும் களிபோல நசநசக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1: பழச்சாறு அடிமாவில் இறங்குவதே காரணம். மைதா 2 பங்கு, வெண்ணெய் 1 பங்கு, சர்க்கரை 1 பங்கு என்னும் கணக்கில் பிசிறிய மாவில் பாதியைத் தட்டில் அழுத்திப் பரப்பி, பழம் வைக்கும் முன்பே 15 நிமிடம் தனியாகச் சுட்டெடுங்கள். ஆப்பிள் துண்டுகளை ஒரு தேக்கரண்டி சோள மாவில் (கார்ன்ஃப்ளார்) புரட்டினால் சாறு கெட்டிப்படும்.

பதில் 2: வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும்; பிசிறும்போதே விரல்களில் உருகினால், கிண்ணத்தோடு பிரிட்ஜில் வைத்துவிடுவேன். பருப்பு சேர்ப்பதானால், முந்திரியைவிட வால்நட் நல்லது என்பது என் கருத்து, அதன் இலேசான கசப்பு பேரீச்சையின் தித்திப்பை அடக்கும்.

கேட்டவர்: அவ்வாறே செய்தேன். சூட்டோடு வெட்டிய முதல் துண்டு உதிர்ந்துபோனது. ஒரு மணி நேரம் ஆறியபின் வெட்டியவை சதுரமாகவே நின்றன.