ஸ்கிரீன்ஷாட்: பெயர் போட்டுச் சேர்ப்பதா, வேலை முடிந்ததும் அழிப்பதா?

மதுரைக் கணக்கர்:
தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளர், ஜூலையில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டதற்கு ஆதாரம் கேட்டார். ஒப்புகைத் திரையை அன்றே படம் பிடித்திருந்தேன். ஆனால் ஃபோல்டரில் 'ஸ்கிரீன்ஷாட் (412)', '(413)' என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போய்விட்டது. இப்போது படம் பிடித்த கையோடு பெயர் மாற்றிவிடுகிறேன்: '2025-07-18_வாடிக்கையாளர்38_3பி-ஒப்புகை' (3பி என்பது ஜிஎஸ்டி ரிட்டர்ன் படிவம் ஒன்றின் பெயர்). ஆண்டு முன்னால் இருப்பதால், பெயர்வரிசையில் அடுக்கினாலே தேதிவரிசையும் வந்துவிடும். அலுவலகத்தில் எல்லோரும் இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிழைதேடி:
கணக்கரே, நீங்கள் தேடியிருக்க வேண்டியது படத்தையே இல்லை. ரிட்டர்ன் போட்டதும் ஏஆர்என் என்ற ஒப்புகை எண் மின்னஞ்சலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வந்துவிடுகிறது. மின்னஞ்சலில் தேடினால் பத்து நொடி வேலை.

நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிழைச் செய்தியை எழுத்தாக ஒட்டாமல் படமாக அனுப்புகிறவர்களிடம் தினமும் மல்லுக்கட்டுகிறேன். ஒருமுறை படத்தில் இருந்த நீண்ட குறியீட்டைப் பார்த்து டைப் செய்தேன். அதில் பி என்று நான் அடித்தது உண்மையில் 8. ஒரு மதியம் முழுக்க லாகில் (மென்பொருளின் செயல்பாட்டுப் பதிவில்) இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். திரையைப் படம் பிடிக்கும் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலில் படத்திலிருந்து எழுத்தை மட்டும் காப்பி செய்யும் வசதி வந்துவிட்டது. எழுத்தை எடுத்து டிக்கெட்டில் (பிழைப் புகார்ப் பதிவில்) ஒட்டுங்கள், படத்தை வெள்ளிக்கிழமை அழித்துவிடுங்கள்.

மதுரைக் கணக்கர்:
ஏஆர்என் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கில் பணம் கழிந்து, சலான் (வரி கட்டிய ரசீது) வருவதற்குள் பக்கம் நின்றுவிட்டால்? வரி கட்டியதற்கு ரசீது இருக்காது. பக்கம் நின்றதைக் காட்ட அந்தத் திரைதான் கையில் இருக்கும். அதனால்தான் வெட்டி எடுக்காமல், விண்டோஸ் பொத்தானோடு பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி முழுத்திரையாகப் பிடிக்கிறேன். கீழ் மூலையில் நேரமும் தேதியும் சேர்ந்து விழும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அழிப்பது எனக்கு ஒத்துவராது.

கவுண்டர் எண் 4:
முழுத்திரை என்கிறீர்களே சார், என் பயமே அதுதான். நான் வங்கிக் கிளையில் இருப்பவன். ஒரு கோளாறைக் காட்ட முழுத்திரையைப் பிடித்து வெளியாளுக்கு அனுப்பினேன். பின்னால் திறந்திருந்த ஜன்னலில் வேறொரு வாடிக்கையாளரின் பெயரும் பான் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன்.

வெட்டிவிட்டால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2023-இல் ஸ்னிப்பிங் டூலில் ஒரு ஓட்டை வெளியே வந்தது: படத்தை வெட்டி அதே கோப்பின் மேல் சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். அந்த மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது. அதற்கு முன் அப்படிச் சேமித்த கோப்புகள் உங்கள் ஃபோல்டரில் இன்னும் கிடக்கலாம். எண்களை மங்கலாக்காதீர்கள், கறுப்புப் பெட்டி போட்டு முழுக்க மூடுங்கள்.

பிழைதேடி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். சட்டம் கேட்பது ஆவணத்தை. டெஸ்க்டாப் முழுக்கக் கிடக்கும் படங்களை அல்ல. இன்னொன்று: விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலால் வெட்டி எடுக்கும் படங்கள் பிக்சர்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் தானாகவும் சேர்கின்றன. ஒன்டிரைவ் பேக்கப் இயங்கினால் அங்கிருந்து மேகத்துக்கும் (இணையச் சேமிப்புக்கும்) போய்விடும். கணக்கரே, ஒரு தடவை திறந்து பாருங்கள்.

மதுரைக் கணக்கர்:
பார்த்தேன். பெயர் போட்டு வாடிக்கையாளர் ஃபோல்டரில் வைத்த படங்கள் பலவற்றுக்கு அங்கே பெயரில்லாத இரட்டைகள் இருக்கின்றன, பான் எண் உட்பட. தானாகச் சேமிப்பதை ஸ்னிப்பிங் டூல் செட்டிங்கில் இப்போதே அணைத்துவிட்டேன், இரட்டைகளை நாளை காலை அழிக்கிறேன். சலான் வராத திரைகளை மட்டும் அழிக்க மாட்டேன். அவை அந்தந்த வாடிக்கையாளர் ஃபோல்டரில் 72 மாதமும் இருக்கும்.

பிழைதேடி:
சலான் வந்த பிறகுமா?

மதுரைக் கணக்கர்:
வந்த பிறகும்தான். பக்கம் நின்றது எத்தனை மணிக்கு என்பது சலானில் இருக்காது.