1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டை மாத்தி 5060 டிஐ: கல்யாண வீடியோ வேலைக்கு இந்தக் காசு தகுமா?

பாளை ஸ்டுடியோ:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில கல்யாண வீடியோ, ஆல்பம் பண்ணுதேன். மெஷின்ல செயலி இன்டெல் ஐ5-12400எஃப், 32 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி, 550 வாட் பவர் சப்ளை. 8 பிட்ல எடுத்த காலம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப மூணு சோனி கேமராலயும் 4கே, 10 பிட் 4:2:2 (நிறத்தை இன்னும் நுணுக்கமாப் பதியுத முறை). எடிட் பண்ணுத பிரீமியர் ப்ரோல மூணையும் மல்டிகேம்ல (எல்லாக் கேமராவையும் ஒண்ணா ஓட்டுத முறை) போட்டா தாலி கட்டுத இடத்துல சத்தம் பாட்டுக்கு ஓடுது, மாப்பிள்ளை கை அப்படியே நிக்கி. வண்ணாரப்பேட்டையில என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கார்டுக்கு ஐம்பதாயிரத்துக்குப் பக்கத்துல கேக்காங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால முடிவெடுக்கணும். வாங்கலாமா?

தென்காசி சாரல்:
கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க அண்ணாச்சி. 1660 சூப்பர் 2019 அக்டோபர்ல வந்த கார்டு. என்விடியாவில 4:2:2 வீடியோவை கார்டோட ஹார்டுவேர்லயே பிரிச்சுப் படிக்கிற (டிகோட்) வசதி 50 வரிசையிலதான் (5060, 5070 மாதிரி) முதல்ல வந்துச்சு. பிரீமியர் ப்ரோவும் 2025-லயே அதுக்கு ஆதரவு குடுத்துட்டு. உங்க நோய்க்கு நேரடி மருந்து அதுதான்.

மேலப்பாளையம் எடிட்டர்:
கொஞ்சம் பொறுங்க. ஐம்பதாயிரம் போடுததுக்கு முன்னால ஒரு சோதனை. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு அந்தக் கிளிப்பை ஓட்டுங்க. ‘வீடியோ டிகோட்’ங்கிற கோடு கீழயே படுத்துக்கெடந்து, செயலி 100-ஐத் தொட்டா, உங்க கார்டு வேலையே செய்யலைன்னு அர்த்தம். அதாவது கார்டோட வேகம் பத்தலைங்கிறது இல்ல, அந்த வகை வீடியோவை அதுக்குப் படிக்கத் தெரியல. அப்படின்னா வேகமான கார்டு எதுக்கு? படிக்கத் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு போதும்.

அது இன்டெல்லுலயே இருக்கு. உங்க 12400எஃப்-ல அந்த ‘எஃப்’ இருக்கதாலதான் உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் இல்ல. அதே போர்டுல 12500 செயலியைப் போட்டா யுஎச்டி 770-ங்கிற உள் கிராபிக்ஸ் வரும். அதுல டிகோடர் எஞ்சின் ரெண்டு, 12400-ல இருக்க யுஎச்டி 730-ல ஒண்ணுதான். எச்.265 முறையில சுருக்கின 4:2:2 10 பிட்டை க்விக் சிங்க் (இன்டெல்லோட வீடியோ படிக்கிற வசதி) தண்ணியா ஓட்டும். பழைய செயலியை வித்துட்டா கையில இருந்து போறது கார்டு விலையில கால்வாசிகூட வராது. நம்ம ஊர்ல கடன் வாங்கி கார்டு வாங்கிட்டு, பார்ட்டி பேலன்ஸ் குடுக்காம இழுத்தடிக்கையில வட்டி கட்டுதவங்களை நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

ஜங்ஷன் கேமர்:
5060 டிஐல கேம் படத்தை ஏஐ வச்சு வேகப்படுத்துத டிஎல்எஸ்எஸ் 4, மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் எல்லாம் இருக்கு அண்ணே. 1660-ல ஆர்டி கோர் (ஒளிக் கணக்குக்கு), டென்சர் கோர் (ஏஐ-க்கு) ரெண்டுமே கிடையாது. அதோட பழைய கார்டுக்கு டிரைவரையும் நிறுத்திட்டாங்கன்னு சொல்லுதாங்க. இதுக்கு மேல யோசிக்கணுமா?

மேலப்பாளையம் எடிட்டர்:
தம்பி, 2025 அக்டோபரோட கேம் டிரைவர் நின்னது 900, 1000 வரிசைக்கு. 1660 அதுக்கு அப்புறம் வந்த டூரிங் வகை, அதுக்கு நிறுத்தல. அப்புறம், இடையில ஃபிரேமை உண்டாக்கிச் செருகுதது விளையாட்டுக்குச் சரி. 2025 ஜனவரியில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில 5070-க்கு 4090-ஓட திறன்னு சொன்னதும் அந்தக் கணக்குலதான். டைம்லைன்ல நாம எடுத்த படம்தான் ஓடணும். அதுக்கு இது அஞ்சு பைசாவுக்குப் பிரயோசனம் இல்ல.

தென்காசி சாரல்:
ஃபிரேம் விசயத்துல நானும் உங்க கட்சி. ஆனா க்விக் சிங்க் கணக்குல பெரிய ஓட்டை இருக்கு. பாளை அண்ணாச்சி, நீங்க எத்தனை ஃபிரேம்ல எடுக்கிய? கேமரால பதிவு முறை எக்ஸ்ஏவிசி எஸ்ஸா, எச்எஸ்ஸா?

பாளை ஸ்டுடியோ:
25பி (செகண்டுக்கு 25 ஃபிரேம்), எக்ஸ்ஏவிசி எஸ். டாஸ்க் மேனேஜரும் பாத்துட்டேன். மேலப்பாளையம் சொன்னபடிதான், டிகோட் கோடு அசையவே இல்ல, செயலி உச்சியில நிக்கி.

தென்காசி சாரல்:
அப்ப இதுதான் சங்கதி. எக்ஸ்ஏவிசி எஸ்னா எச்.264, எச்எஸ்னா எச்.265. 12-ம் தலைமுறை இன்டெல் எச்.265 4:2:2-வை எடுக்கும், எச்.264 4:2:2-வை எடுக்காது. எச்எஸ்க்கு மாறலாம்னா, சோனி ஏ7 4, ஏ7எஸ் 3 மாதிரி கேமராவுல பால் (PAL, 25/50 ஃபிரேம்) முறையில 4கே எச்எஸ்-ல 25பி-யே கிடையாது, 50பி-லதான் எடுக்கணும். நம்ம பக்கம் முக்காவாசிப் பேர் 25பி. 12500 வாங்கிப் போட்டாலும் அண்ணாச்சிக்கு அதே நிலைதான். 50 வரிசை ரெண்டையும் படிக்கும்.

மேலப்பாளையம் எடிட்டர்:
நல்ல பாயின்ட். 25பி-யை விட முடியாதுன்னா செயலி மாத்துத வழி அடைஞ்சு போச்சு. ஆனா அதுக்காக 16 ஜிபி கார்டுன்னு ஆயிருமா? ராத்திரி பிராக்சி (எடிட்டுக்கு மட்டும் இலகுவான நகல்) போட்டுட்டுப் படுத்தா காலையில வெண்ணெய் மாதிரி ஓடும், காசு பூஜ்யம். இல்ல, கேமராலயே ‘எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ’ (XAVC S-I) முறையை வச்சு எடுங்க. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியா இருக்கதால செயலிக்குப் பாரம் குறைவு.

தென்காசி சாரல்:
அதுல 4கே 25பி-க்கு 250 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 250 மெகாபிட்). ஒரு கேமராவுக்கு மணிக்கு 112 ஜிபி ஆகும். இப்ப 140-ல எடுக்கதுக்கு 63 ஜிபி. மூணு கேமரா, முகூர்த்தமும் வரவேற்பும் சேர்த்துக் கணக்குப் போடுங்க, மெமரி கார்டும் ஹார்டு டிஸ்க்கும் வாங்குத காசுல கிராபிக்ஸ் கார்டே வந்துரும். பிராக்சியும் எல்லாத்துக்கும் ஆகாது. காலையில தாலி கட்டு, சாயங்காலம் ரிசப்ஷன் மேடை எல்இடியில ஹைலைட்ஸ் ஓடணும்னு பொண்ணு வீட்டுல கேக்காவ. ராத்திரி வரைக்கும் யாரு காத்திருப்பா? அந்த ஒரு வேலைக்கு அவங்க தனியாக் காசும் குடுக்காங்க.

அம்பை வயர்மேன்:
எதை வாங்கினாலும் பவரைப் பாத்துக்கிடுங்க. 1660 சூப்பர் 125 வாட், 5060 டிஐ 180 வாட். என்விடியா 600 வாட் சப்ளை சொல்லுது, உங்ககிட்ட இருக்கது 550. பழைய யுபிஎஸ் பேட்டரியை நம்பி ரெண்டர் வேலையை (முடிச்ச வீடியோவை உருவாக்குதது) விட்டுட்டுப் போயிராதீங்க. கோடையில சாயங்காலம் வோல்டேஜ் எப்படி இறங்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

மேலப்பாளையம் எடிட்டர்:
அன்னைக்கே ஹைலைட்ஸ் குடுக்க ஆர்டர் இருந்தா கார்டு வேணும், அதை ஒத்துக்கிடுதேன். ஆனா எந்தக் கார்டுங்கிறதுல விட மாட்டேன். சாதா 5060 (8 ஜிபி) கார்டுலயும் அதே தலைமுறை டிகோடர்தான். 145 வாட், 550 சப்ளையே போதும். அறிமுக விலையே 299 டாலர், 16 ஜிபி டிஐக்கு 429. அந்த 130 டாலர் வித்தியாசம் இங்கன 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்ந்து வீங்கும். டிஐ எடுத்தா சப்ளைக்கும் தனிக்காசு.

தென்காசி சாரல்:
8 ஜிபி மெமரியில 4கே டைம்லைன்ல படத்துல வார புள்ளியைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பாருங்க. மண்டபத்து மஞ்ச லைட்ல ஐஎஸ்ஓ ஏத்தி எடுத்த கிளிப்புக்கு அது இல்லாம முடியாது. மெமரி பத்தலைன்னு பாதியில நிக்கும். இன்னும் நாலு வருசம் ஓட்டப்போற கார்டுல 8 ஜிபி வாங்குதது வீண் செலவு. ஜிஎஸ்டி பதிவு இருந்தா அந்த 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்ல (நீங்க கட்டுத வரியில கழிச்சு) எடுத்துக்கிடலாம். கடையில உங்க ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் கேளுங்க.

மேலப்பாளையம் எடிட்டர்:
நாய்ஸ் ரிடக்‌ஷன் தேவைப்படுத கிளிப்பை மட்டும் தனியா ரெண்டர் பண்ணி வச்சுக்கிட்டா 8 ஜிபி தாங்கும். அப்படித்தான் நான் ஓட்டுதேன். அண்ணாச்சி, உங்க பக்கம் அன்னைக்கே ஹைலைட்ஸ் ஆர்டர் எத்தனை வருது? அதைச் சொல்லுங்க முதல்ல.

பாளை ஸ்டுடியோ:
ஆவணிக்கு இருக்க ஆர்டர்ல பாதிக்கு மேல அதைக் கேட்டிருக்காங்க. ஜிஎஸ்டி பதிவும் இருக்கு. மண்டபத்துல நாய்ஸ் ரிடக்‌ஷன் போடாம குடுத்ததே இல்ல, அதனால 16 ஜிபி பக்கம்தான் மனசு சாயுது. வாங்குததுக்கு முன்னால ஒரு உதவி. தென்காசி அண்ணாச்சி, உங்ககிட்ட 50 வரிசை கார்டு இருந்தா ஞாயித்துக்கிழமை மூணு கேமரா கிளிப்பையும் எடுத்துக்கிட்டு வாரேன், மல்டிகேம்ல போட்டுப் பாத்துருவோம்.

தென்காசி சாரல்:
5060 டிஐதான் இருக்கு. வாங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட டைம்லைனையும் சேத்தே கொண்டு வாங்க, மெமரி எவ்வளவு எடுக்குன்னு பாத்து மேலப்பாளையத்துக்கு இங்கனயே எழுதிருவோம்.

மேலப்பாளையம் எடிட்டர்:
எழுதுங்க. 8-க்குள்ள நின்னா 5060, தாண்டினா டிஐ. அதுக்கு மேல நான் மறுத்துப் பேசல.