மார்மன் சபை ஒருபாலினத் திருமணத்த என்னிக்காவது ஏத்துக்குமா?

வியாசர்பாடி_ஜோ:
எங்க சித்தி பையன் பெரம்பூர்ல இருக்கான், அமெரிக்காவுல ஆரம்பிச்ச மார்மன்னு ஒரு கிறிஸ்தவ சபைக்கு போறான். வெள்ளை சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ் குத்திக்கினு ரெண்டு ரெண்டு பேரா வருவாங்களே, அவங்க மூலமா சேர்ந்தான். போன வாரம் மொட்டை மாடில வச்சு, தனக்கு பசங்க மேலதான் நாட்டம்னு சொன்னான், சொல்லிட்டு என் மூஞ்சிய பாக்காம வாட்டர் டேங்க் மூடியவே திருகிக்கினு இருந்தான். வீட்ல யாருக்கும் தெரியாது. "எங்க சபை மாறுமாண்ணா"ன்னு கேக்குறான். நாங்க கத்தோலிக்கர், எனக்கு அவங்க போதனை தெரியல. ஆறுதலுக்கு எதுவும் சொல்லாதீங்க, உண்மைய சொல்லுங்க.

காசிமேடு_ஸ்டீபன்:
மாறும்னு நம்புறவங்க நிறைய பேர் இருக்காங்கபா, காரணமும் இருக்கு. பலதார மணத்த கடவுள் கட்டளைன்னு சொன்ன சபை 1890ல அத கைவிட்டாங்க. கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைல குருப் பதவி, கிடையாதுன்னு நூறு வருஷத்துக்கு மேல சொல்லிட்டு 1978ல கடவுள்கிட்டேந்து வெளிப்பாடு வந்துச்சுன்னு குடுத்தாங்க. 2015 நவம்பர்ல ஒருபாலினத் திருமணம் பண்ணவங்க விசுவாச துரோகிங்க, அவங்க கூட வளர்ற புள்ளைங்களுக்கு 18 வயசு வரைக்கும் ஞானஸ்நானம் இல்லன்னு விதி போட்டாங்க, அதுவும் வெளிப்பாடுன்னுதான் சொன்னாங்க, 2019 ஏப்ரல்ல அதையே எடுத்துட்டாங்க. புள்ளைங்கள தண்டிச்ச அந்த விதிய நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

தண்டையார்பேட்டை_செல்வி:
ஸ்டீபன் அண்ணே, 2019ல போனது விதி மட்டும்தான், போதனை அப்படியே இருக்கு. ஜோ தம்பி, இத கவனமா படிங்க. நாட்டம் இருக்கறது பாவம் இல்ல, அதன்படி நடந்தாதான் பாவம்னு சபை சொல்லுது. ஒருபாலினத் திருமணம் பண்ணா சபை நடவடிக்கை வரலாம், முக்கியமான சடங்குங்க நடக்கற அவங்க டெம்பிளுக்குள்ள போக அனுமதி கிடைக்காது. ஆனா சிக்கலே வேற இடத்துல. அவங்களுக்கு கல்யாணம் சாவோட முடியறது இல்ல, டெம்பிள்ல சீலிங்னு ஒரு பிணைப்புச் சடங்கு பண்ணா நித்தியத்துக்கும் தொடரும், பரலோகத்துல மேல் நிலைக்கு போக ஆணும் பொண்ணும் சேர்ந்த அந்த பந்தம் வேணும், பரலோகத்துல பிதா மட்டும் இல்ல தாயும் உண்டுன்னு நம்புறாங்க. 1978ல யாருக்கு பதவின்றதுதான் மாறுச்சு. இங்க மாறணும்னா பரலோகத்த பத்தின போதனையே மாறணும், ஆணும் பொண்ணும் சேர்றதுதான் கல்யாணம்னு 1995ல சபை வெளியிட்ட குடும்பப் பிரகடனமும் அத கெட்டியா கட்டி வச்சிருக்கு. 2025ல உலகம் பூரா இருக்கற சபைக்கே தலைவரான டாலின் ஓக்ஸ் அந்தப் பிரகடனத்த விடாம தாங்கிப் பேசறவர், 2019ல விதிய எடுத்தோம்னு அறிவிச்சவரும் அவரேதான். 2022ல அமெரிக்காவுல ஒருபாலினத் திருமணத்துக்கு சட்டப் பாதுகாப்பு குடுத்தப்ப, மத உரிமைக்கும் அதுல இடம் இருக்குன்னு சபை ஆதரிச்சுது, எங்க போதனை மாறலன்னும் கூடவே சொல்லிடுச்சு. நடத்துற விதம் இளகும், போதனை நம்ம காலத்துல மாறும்னு எனக்கு தோணல.

காசிமேடு_ஸ்டீபன்:
செல்விம்மா சொல்றது வலிக்குது, ஆனா சரிதான். தனியா இருக்கறவங்களுக்கு செத்தப்புறம் அந்த நித்திய கல்யாண வாய்ப்பு கிடைக்கும்னு சபைல சொல்வாங்க, இருவது வயசு பையன்கிட்ட அத சொல்லி காத்திருன்னா எப்படிபா காத்திருப்பான்?

வியாசர்பாடி_ஜோ:
ரெண்டு பேருக்கும் நன்றி. நம்ம நாட்டுலயும் ஒருபாலின உறவ குற்றமாக்கின 377ஆம் சட்டப் பிரிவுலேந்து 2018ல விடுதலை வந்துச்சு, கல்யாண உரிமை மட்டும் 2023ல சுப்ரீம் கோர்ட் குடுக்கல, அதயும் கேப்பான். இங்க அவன் போற சபையோட தலைவர்கிட்ட போய் சொல்லட்டுமான்னு வேற கேக்குறான்.

தண்டையார்பேட்டை_செல்வி:
அவசரப்பட வேணாம் தம்பி. அவரு எப்படிப்பட்டவர்னு மொதல்ல விசாரிங்க, அவனா முடிவு பண்ணட்டும். சித்திகிட்ட நீங்க வாய் திறக்காதீங்க.