ஆலையில் வேலை பார்த்தது யார் டீச்சர்?

பந்தலூர் டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் அமெரிக்கத் தொழில் வளர்ச்சி. தொலைபேசிக்கு பெல் 1876, மின்விளக்குக்கு எடிசன் 1879, கார் ஆலையில் நகரும் வரிசைக்கு ஃபோர்டு 1913 என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகளும் சத்தமில்லாமல் பார்த்து எழுதினார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும், “இவர்கள் கண்டுபிடித்தார்கள், சரி. ஆலையில் வேலை பார்த்தது யார் டீச்சர்?” என்றான். அவன் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். “பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மணியடித்ததும் வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. எந்திரத்தையும் குடியேற்றத்தையும் சேர்த்து எப்படி நடத்துவது? புரொஜெக்டர் உண்டு. மழை பிடித்தால் மின்சாரம்தான் இராது.

குன்னூர் ஃபிட்டர் (ஓய்வு):
பிள்ளைகளைக் குன்னூருக்குக் கூட்டி வாருங்கள் டீச்சர், தூரம்தான். தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் பல்சட்டத்தைக் காட்டுங்கள். இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடாது. 12 அடிக்கு 1 அடி ஏற்றம் சும்மா ஏறிவிடுமா? நம் ரயில் குன்னூருக்கு வந்தது 1899இல். அதற்கு 30 ஆண்டுகள் முன்பே, 1869இல், அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் சில்வெஸ்டர் மார்ஷ் பல்சட்ட ரயிலை ஓட்டிவிட்டார். நிலாவுக்கே பாதை போடச் சொல்லிச் சிரித்தார்களாம்.

அதே 1869இல்தான் அங்கே கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தது. மேற்கேயிருந்து சியரா நெவாடா பாறைகளைக் குடைந்து வந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 13 ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தப் பையனுக்கு இதைச் சொல்லுங்கள்.

கொடைக்கானல் ஆசிரியை:
ஐயா சொல்வது அருமை. ஆனால் ரயில் ஏறினால் பாடம் சுற்றுலாவாகிவிடும், பட்டிருக்கிறேன். நான் வகுப்புக்கு ஒரு பழைய ஷூவைத்தான் கொண்டுபோவேன். மேல்தோலைக் கால் வடிவ மரக்கட்டையில் இழுத்து மடித்து அடிப்பாகத்தோடு பொருத்துகிற வேலை அன்று கைவேலை. தேர்ந்தவர் நாளைக்கு 50 ஜோடி முடிப்பார். தென் அமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்த யான் மாட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, அமெரிக்காவின் லின் நகரத்து ஷூ ஆலையில் இதைப் பார்த்துப் பார்த்தே எந்திரம் செய்து, 1883இல் காப்புரிமை வாங்கினார். அந்த எந்திரத்தில் நாளைக்கு 150 ஜோடிக்குக் குறையாது, 700 வரைகூடப் போகும். 36 வயதில் காசநோயில் இறந்துபோனார். கையால் பறிப்பதும் கத்தரி எந்திரத்தால் பறிப்பதும் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். மீதியை அவர்களே பேசுவார்கள்.

கூடலூர் வாசகர்:
எல்லிஸ் தீவு பற்றியும் சொல்வீர்கள்தானே, 1892 முதல் 1954 வரை அமெரிக்காவில் குடியேற வந்த 1 கோடியே 20 லட்சம் பேர் இறங்கிய இடம்? உங்கள் வகுப்பில் பாதிப் பேருடைய தாத்தா பாட்டியும் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களாக இருப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலோர் பிழைப்புத் தேடித் தாமாகக் கிளம்பினார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம்மவர்களை 1964 ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்துக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. என் பாட்டிக்கு எந்தக் கணக்கில் வந்தோம் என்றே கடைசிவரை தெரியாது.

பந்தலூர் டீச்சர்:
ஷூ கிடைக்கவில்லை. வகுப்பு வாசலில் கிடந்த ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் அந்தப் பையன் தாத்தாவின் பாஸ்போர்ட்டைப் பாலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுவந்தான். யாரையும் தொடவிடவில்லை, அவனே பக்கம் புரட்டிக் காட்டினான்.

பிறகு, சீனர்களுக்கு எதிரான சட்டத்தை எப்போது நீக்கினார்கள் என்று கேட்டான். 1943 என்றேன். நோட்டின் பின்னட்டையில் கழித்துப் பார்த்தான். “61 வருடம் டீச்சர். ரயில் பாதை போட்டவர்களில் யாராவது உயிரோடு இருந்திருப்பார்களா?”