அக்கா கேட்ட கேள்வி

நெருங்கியவர்கள் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்தெடுக்க விடுவது பற்றிய இந்த உரையாடலில், பிள்ளைகளின் படிப்பையும் திருமணத்தையும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவம் இன்னும் கடினமான இடத்தில் நிகழ்ந்தது: குடியிலிருந்து மீள முடியாமல் தவித்த நண்பர் ஒருவரோடு.

அவருக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கல்லீரல் கெட்டுவிடும் என்பார் ஒருவர். பிள்ளைகளை நினைத்துப் பார் என்பார் இன்னொருவர். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு மறுப்பு தயாராக இருந்தது. சொல்லச் சொல்ல அந்த மறுப்புக்குத்தான் உரம் ஏறியது.

அவருடைய அக்கா மட்டும் வாதாடவில்லை. ஒரு நாள் நானும் உடனிருந்தபோது, "தம்பி, இனி எப்படி வாழ வேண்டும் என்று நீ நினைக்கிறாய்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு நண்பர் பேசினார். குடி தன்னிடமிருந்து எதையெல்லாம் பறித்துக்கொண்டது என்று அவரே சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

தன் சுதந்திரம் பறிபோகிறது என்று உணரும் மனிதர் அதை மீட்கவே முனைவார் என்று 1966இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் விளக்கினார். குடிநோய் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த வில்லியம் மில்லர் 1983இல் விவரித்த ஆலோசனை முறையும் இதற்கு நெருக்கமானது: மாறுவதற்கான காரணங்களை ஆலோசகர் அடுக்குவதில்லை, எதிரில் இருப்பவர் வாயிலிருந்தே அவை வருமாறு பேசுகிறார். அக்கா இவற்றையெல்லாம் படித்தவர் அல்லர். தம்பியின் மீது அவருக்கு மரியாதை இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

இதைக் கைகழுவுதல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குடிக்க அக்கா பணம் தந்ததில்லை. வேலைக்குப் போகாத நாளில் தம்பிக்காகப் பொய் சொன்னதில்லை. குடித்திருந்தால் வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடுவார். அதில் பேச்சுக்கே இடமில்லை. குடியை விடுகிறேன் என்று தம்பி சொன்னபோதும், ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றார்: முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றதையெல்லாம் தம்பியின் முடிவுக்கே விட்டார்.

மருத்துவரைப் பார்த்த பிறகு, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் நண்பர் சேருவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சேரவில்லை. பழைய நட்புவட்டத்திலிருந்து விலகி, வேலையை மாற்றிக்கொண்டார். இடையில் ஒருமுறை சறுக்கினார்; மறுபடி தானாகவே மருத்துவரிடம் போனார். நான் காட்டியிருக்கக்கூடிய வழி இது அல்ல. ஆனால் அதில்தான் அவர் இன்றும் நடந்துகொண்டிருக்கிறார்.

வீட்டில் இப்படி ஒருவரோடு வாழ்கிறவர்கள், எந்த இடத்தில் விலகி நின்றீர்கள், எந்த இடத்தில் குறுக்கிட்டீர்கள் என்று எழுதுங்கள்.