தொப்பை குறைய நடையா, பளுவா?

கணக்கன் எழுதியது:
நண்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 41. கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் பணி. காலை பத்து மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால் மாலை வரை எழ வாய்ப்பில்லை. உயரம் 168 செ.மீ., எடை 79 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. எட்டு மாதங்களாக வாரத்தில் ஐந்து நாள் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் 45 நிமிடம் நடக்கிறேன். 81 கிலோவிலிருந்து 79-க்கு வந்த எடை, கடைசி மூன்று மாதங்களாக அங்கேயே நிற்கிறது. வீட்டருகே உள்ள ஜிம்மின் பயிற்றுநர், நடையை விட்டுவிட்டுப் பளு தூக்க வந்தால்தான் கொழுப்பு கரையும் என்கிறார். உடன் நடக்கும் பெரியவர்களோ, பளு தூக்கினால் எடை ஏறும், பாதியில் விட்டால் உடம்பு தொளதொளத்துவிடும் என்கிறார்கள். எனக்குக் கிடைப்பது இந்த 45 நிமிடம்தான். படியிறங்கும்போது வலது முழங்காலில் லேசான வலி உண்டு. இந்த நேரத்தை எதற்குக் கொடுப்பது? தினமும் நூறு முறை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி செய்தால் தொப்பை மட்டும் தனியாகக் குறையுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மெய்ந்நடை எழுதியது:
தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பதினொரு ஆண்டுகளாக நடக்கிறேன். மிதமான உழைப்பின்போது உடல் செலவிடும் ஆற்றலில் கொழுப்பின் பங்கு அதிகம். மூச்சு வாங்க வாங்க மாவுச்சத்தின் பங்கு ஏறிவிடும். இது உடலியல் பாடநூல் சொல்வது. உங்களைப் போல் அமர்ந்து பணியாற்றுபவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. மேற்கு வங்கத்துச் சணல் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து ஜீன் மேயர் குழுவினர் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், மேசையருகே உட்கார்ந்திருந்தவர்கள், ஓரளவு உடல் அசைந்து வேலை செய்தவர்களைவிட அதிகமாக உண்டதும், அவர்களைவிட எடை கூடியிருந்ததும் பதிவாகியுள்ளது. அசைவே இல்லாத உடலுக்குப் பசியின் அளவு தெரிவதில்லை என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொருள். நடைக்குச் செருப்பு போதும், மாதக் கட்டணம் இல்லை. ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்து மார்ச்சில் மறைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இப்போது என்னோடுதான் நடக்கிறார்கள்.

கர்லாக்கட்டை எழுதியது:
ஐயா மீது மதிப்பு உண்டு. ஆனால் கொழுப்பின் பங்கு என்று அவர் சொல்வது விழுக்காட்டுக் கணக்கு. மொத்தமே குறைவாகச் செலவாகும்போது அதில் பெரும்பங்கு கொழுப்பு என்பதால் என்ன பயன்? நடக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் எது எரிந்தது என்பதைவிட, நாள் முழுவதற்குமான வரவும் செலவும்தான் கொழுப்பைத் தீர்மானிக்கின்றன. 79 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றலைக் கழித்தபின் ஏறத்தாழ 150 கிலோகலோரிதான் மிஞ்சும். நடைபாதை முடியும் இடத்தில் ஒரு தேநீரும் ஒரு மெதுவடையும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும்.

இன்னொன்று. நம் சிக்கல் எடை மட்டுமன்று. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டனின் ஜான் யுட்கின் ஆகிய இருவரின் படமும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) ஒரே 22.3, ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும் உடல்வாகு நம்மிடையே பரவலாக உள்ளது. அந்த உடலை நடக்க வைத்தே மெலிய வைத்தால், போகும் எடையில் இருக்கிற சிறிதளவு தசையும் சேர்ந்து போகும். பளு தூக்கினால் தசை வளரும். வளர்ந்த தசை, நீங்கள் உறங்கும்போதும் இருபத்துநான்கு மணி நேரமும் கொழுப்பை எரித்துக்கொண்டிருக்கும்.

சோதனைக்குழாய் எழுதியது:
உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை ஒரு நாளுக்குச் செலவிடுவது சுமார் 13 கிலோகலோரி. இந்த வயதில் ஓராண்டு முயன்று இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் கூடுதல் செலவு நாளுக்கு 26 கிலோகலோரி. ஒன்றேகால் தேக்கரண்டிச் சர்க்கரைக்கு மேல் இல்லை. இந்த 'இருபத்துநான்கு மணி நேரம்' ஜிம் விளம்பரங்களில் நெடுநாளாக இருக்கும் சொல்.

நேரடி ஒப்பீடும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பருமனானவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நடை, ஓட்டம் போன்ற மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியும், இன்னொன்றுக்குப் பளுவும், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்து எட்டு மாதம் கவனித்தார்கள். கொழுப்பு தெளிவாகக் குறைந்தது மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி இருந்த இரு குழுக்களில்தான். பளு மட்டும் தூக்கியவர்களுக்குத் தசை கூடியதே தவிரக் கொழுப்பின் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. 'நடையை விட்டுவிட்டு வா' என்ற அறிவுரை இதற்கு நேர் எதிரானது.

வயிற்றுப் பயிற்சி பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது: குறையாது. டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து 1971-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்டுக்கணக்கில் மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்தது, தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் மட்டும் இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. கொழுப்பு இரத்தத்தின் வழியாக உடல் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. அசைகிற தசைக்குப் பக்கத்து வீட்டுச் சலுகை கிடையாது.

நாலுநிமிடம் எழுதியது:
அண்ணன்மார்களே, நேரம்தான் குறை என்றால் டபாட்டா முறை இருக்கிறதே! இருபது நொடி முழு வேகம், பத்து நொடி ஓய்வு, எட்டுச் சுற்று. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் பல மணி நேரம் உடல் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்கும். 45 நிமிடம் எதற்கு?

சோதனைக்குழாய் எழுதியது:
தம்பி, இசுமி டபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வு உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைப் பற்றியது. கொழுப்பை அவர் அளக்கவே இல்லை. அதில் பங்கேற்றவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். நிலையான மிதிவண்டியில், தங்கள் உச்ச ஆக்சிஜன் திறனுக்குரிய வேகத்தைப்போல் 1.7 மடங்கு உழைத்தார்கள். வரவேற்பறையில் குதிப்பது அதற்கு ஈடாகாது. இதுவரை வந்த ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தீவிர இடைவெளிப் பயிற்சியும் தொடர்ச்சியான மிதமான பயிற்சியும் கொழுப்பை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைப்பதாகவே எழுதியுள்ளனர். முன்னதில் நேரம் மிச்சமாகிறது என்பது உண்மை. முழங்கால் வலியுள்ளவருக்கு அந்த மிச்சம் வேண்டியதில்லை.

அடுக்களை எழுதியது:
இவ்வளவு நேரம் படித்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு மெதுவடையைத் தவிர யாரும் பேசவில்லை. தான்சானியாவின் ஹாட்சா மக்கள் வேட்டைக்கும் கிழங்கு தோண்டவும் அன்றாடம் பல கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அவர்களின் ஒரு நாள் மொத்த ஆற்றல் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டபோது, உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் அது மேலை நாட்டு நகரவாசிகளின் செலவைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. ஓரிடத்தில் கூடுதலாகச் செலவழித்தால் உடல் வேறிடத்தில் மிச்சம் பிடிக்கிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். ஐயா சொன்ன சணல் ஆலை ஆய்வும் ஒரு காலத்தில் இருந்த நிலையைப் பதிவு செய்ததே தவிர, உட்கார்ந்தவர்களை நடக்க வைத்து என்ன ஆகிறது என்று பார்த்ததன்று.

கணக்கன் சகோதரரின் எண்களையே எடுத்துக்கொள்வோம். எட்டு மாதத்தில் ஏறத்தாழ 170 நடை. ஒவ்வொன்றுக்கும் 150 வைத்தால் 25,500 கிலோகலோரி. உடற்கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 என்றால் 3.3 கிலோ குறைந்திருக்க வேண்டும், ஆனால் உண்மையில் குறைந்ததோ இரண்டு கிலோதான். மீதி எங்கே போனது? ஒரு பங்கு உடலின் சிக்கனம் என்று வைத்துக்கொண்டாலும், இன்னொரு பங்கு தட்டில்தான் இருக்கும். இரவில் நாலு தோசைக்குப் பதிலாக இரண்டும், ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ என்று மாற்றினால் எந்தப் பயிற்சி என்ற கேள்வியின் பாரம் பாதியாகிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை 45 நிமிடம் நடைபாதைக்கு என்று ஒதுக்க முடிவதே ஒரு வசதி. எங்கள் வீடுகளில் அந்நேரம் குக்கர் விசில் எண்ணும் நேரம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அந்த 80-ஐத் தாண்டிய பெண்களுக்கு இந்த விவாதத்தில் யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை. நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திய கையோடு இரண்டு டம்பெல்லை வைத்து இருபது நிமிடம் முடித்துக்கொள்கிறேன்.

மெய்ந்நடை எழுதியது:
அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டைக் குறைத்தாலே போதும் என்று பட்டினி கிடந்து மெலிந்தவர்கள், ஓராண்டுக்குள் போன எடையைத் திரும்பப் பெறுவதையும் பார்க்கிறோம். குறைந்த எடையைக் குறைந்தபடியே வைத்திருக்க நடை வேண்டும். எங்கள் பூங்காவில் இப்போது எட்டுப் போட்டு நடந்தால்தான் தொப்பை குறையும் என்று தனி வரிசையே நிற்கிறது. வளைந்து வளைந்து திரும்புவதில் வேகம் குறைவதைத் தவிர அதில் வேறு மாயம் எதையும் நான் காணவில்லை. நேராக, வேகமாக நடக்கட்டும்.

கர்லாக்கட்டை எழுதியது:
டியூக் ஆய்வை ஒப்புக்கொள்கிறேன். 'இருபத்துநான்கு மணி நேரம்' என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அந்த ஆய்வில் உணவைக் குறைக்கும்படி யாரையும் கேட்கவில்லை. அடுக்களை அம்மா சொல்வதுபோல் தட்டைக் குறைக்கும்போதுதான் பளுவின் வேலை தொடங்குகிறது. பற்றாக்குறையில் இருக்கும் உடல் கொழுப்பையும் எடுக்கும், தசையையும் எடுக்கும். 'இந்தத் தசை தேவைப்படுகிறது' என்று அதற்குத் தெரிவிக்க வாரத்தில் இரண்டு முறை பாரம் ஏற்ற வேண்டும். பளு கொழுப்பை எரிப்பதற்கன்று, தசையைக் காப்பதற்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியைச் சேர்த்தே சொல்கிறது.

சோதனைக்குழாய் எழுதியது:
முதல் பதிவில் எரிப்பதற்கு என்றீர்கள், இப்போது காப்பதற்கு என்கிறீர்கள். வழி மாறியதில் எனக்கு மகிழ்ச்சியே. கணக்கன் அவர்களே, தொடங்கும்போது உங்கள் இடுப்பு எவ்வளவு இருந்தது?

கணக்கன் எழுதியது:
அனைவருக்கும் நன்றி. பழைய குறிப்பைத் தேடிப் பார்த்தேன். தொடங்கியபோது 101 செ.மீ. எடை நின்றுபோன இந்த மூன்று மாதங்களிலும் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அடுக்களை சகோதரி கேட்ட மீதியும் கிடைத்துவிட்டது. வங்கியில் ஒரு நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. நடக்கத் தொடங்கிய பிறகு, 'நடந்தோமே' என்ற துணிவில் மாலையில் ஒரு பன்னும் சேர்ந்திருக்கிறது.

திங்களும் வியாழனும் வீட்டிலேயே பளு, மற்ற மூன்று நாள் வேக நடை என்று வைத்துக்கொள்ளலாமா? தேநீரை இரண்டாக்கி, சர்க்கரையைப் பாதியாக்குகிறேன். பன் நின்றுவிட்டது.

கர்லாக்கட்டை எழுதியது:
தாராளமாக. ஆனால் முழங்காலை ஒருமுறை மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிட்டுத் தொடங்குங்கள். இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பஸ்கி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரிலோ மேசை விளிம்பிலோ கை வைத்துத் தண்டால், குனிந்து டம்பெல்லை இடுப்புக்கு இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. இந்த நான்கும் பத்துப் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. பன்னிரண்டாவது முறை எளிதாக வந்தால் எடையைக் கூட்டுங்கள். அதே இரண்டு கிலோ டம்பெல்லை ஓராண்டு ஆட்டிக்கொண்டிருப்பதும் கை வீசி நடப்பதும் ஒன்றுதான்.

மெய்ந்நடை எழுதியது:
கை வீசி நடப்பதைக் கேலி செய்ய வேண்டாம் தம்பி. கணக்கன் தம்பிக்குச் சொல்கிறேன்: மூன்று நாளுக்கு 45 நிமிடம் என்றால் 135 தான் ஆகிறது, கர்லாக்கட்டை காட்டிய வழிகாட்டுதலே 150 கேட்கிறது. ஐந்து நாள் நடையை மூன்றாக்கியதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நடைபாதைக்கு வந்துவிடுங்கள். குறைகிற பதினைந்து நிமிடத்தை அன்று தீர்த்துக்கொள்ளலாம்.

அடுக்களை எழுதியது:
வரும்போது வீட்டிலுள்ளவர்களையும் அழைத்து வாருங்கள். அன்றைய காலைச் சிற்றுண்டியை யாராவது வேறு ஒருவர் செய்யட்டும்.